தாத்தா ஜெயிலுக்குப் போன காகிதம்

பல வீடுகளில் இது ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. சுவரில் ஒரு தாமிரப் பட்டயம், பீரோவில் மடித்து வைத்த கதர்த் துண்டு, "தாத்தா அலிபுரம் ஜெயில்ல இருந்தாரு" என்று ஒரு பேச்சு. எந்த வருஷம், என்ன கேஸ், எத்தனை மாதம் என்று கேட்டால் பெரியப்பா ஒன்று சொல்வார், அத்தை வேறொன்று சொல்வார். பட்டயமும் கைகொடுக்காது. 1972-இல் சுதந்திர வெள்ளி விழாவை ஒட்டி விடுதலைப் போராட்டத் தியாகிகளுக்கு வழங்கப்பட்டது அது. பெயர் இருக்கும்; வழக்கு எண் இருக்காது.

பணத்துக்காகத் தேடுபவர்கள் ஒரு விஷயத்தை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. மத்திய அரசின் தியாகி பென்ஷன் 1972 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கி, 1980-இல் வருமான வரம்பு நீங்கி விரிவானது. தியாகிக்குப் பிறகு அது மனைவிக்கோ கணவருக்கோ, மணமாகாத மகள்களுக்கோ, பெற்றோருக்கோ போகும். மகனுக்குக் கிடையாது, பேரப்பிள்ளைகளுக்கு அறவே கிடையாது. "வாரிசுக்குப் பென்ஷன் வாங்கித் தருகிறேன்" என்று சொல்லி முன்பணம் கேட்கும் இடைத்தரகரிடம் இதைச் சொன்னாலே போதும், அடுத்த முறை போன் எடுக்கமாட்டார். கீழே உள்ளதெல்லாம் காகிதத்தைக் கண்ணால் பார்க்க விரும்புபவர்களுக்கும், மணமாகாத அத்தை ஒருவர் இன்னும் வீட்டில் இருப்பவர்களுக்கும்.

தேடுபவர்கள் செய்யும் முதல் தவறு பெயரை வைத்துத் தேடுவது. தலைவர்களைத்தான் அன்றைய அரசு பெயர் சொல்லிக் குறித்து வைத்தது. தொண்டர்கள் அதன் கண்ணுக்கு ஓர் எண்ணிக்கை: "இன்ன தேதியில் இன்ன ஊரில் பதினான்கு பேர் மறியல், இன்ன பிரிவில் தண்டனை." ஆகவே கையில் வேண்டியவை மாதம், ஊர், சட்டப்பிரிவு ஆகிய மூன்றும். பெயர் கடைசியில்தான் வரும்.

மாதத்தைக் கண்டுபிடிக்க வீட்டுப் பேச்சே போதும், கேட்கத் தெரிந்தால். "எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள், "எதுக்காகப் பிடிச்சாங்க?" என்று கேளுங்கள். உப்பு என்றால் 1930 ஏப்ரலுக்குப் பிறகு. கள்ளுக்கடை, ஜவுளிக்கடை மறியல் என்றால் முக்கியமாக இரண்டு காலம் உண்டு: 1930 முதல் 1931 தொடக்கம் வரை ஒன்று, 1932 ஜனவரி முதல் இன்னொன்று. திருப்பூர் குமரன் இறந்தது இந்த இரண்டாவது அலையின் தொடக்கத்தில், 1932 ஜனவரி 11 அன்று. யுத்தத்துக்கு எதிராகக் கோஷம் போட்டுத் தனி ஆளாகக் கைதானார் என்றால் தனிநபர் சத்தியாகிரகம். 1940 அக்டோபரில் தொடங்கி 1941 வரை. தந்திக்கம்பி, தண்டவாளம், போஸ்ட் ஆபீஸ் என்றால் 1942 ஆகஸ்ட், செப்டம்பர்.

பிரிவை ஊகிக்கும்போது நம்முடைய நினைப்பைத் திணிக்கக்கூடாது. வேதாரண்யம் நல்ல உதாரணம். ராஜாஜியின் யாத்திரை 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் புறப்பட்டது. ஏப்ரல் 30 அன்று அவர் கைதானார். அந்த வழியில் ஜெயிலுக்குப் போன எல்லாரும் உப்பு அள்ளியவர்கள் அல்ல. தஞ்சைக் கலெக்டர் தார்ன், தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களைத் தண்டனைச் சட்டம் 157-ஆவது பிரிவில் தண்டிக்கலாம் என்று அறிவித்தார். தாத்தா சத்திரத்தில் சாப்பாடு போட்டவராக இருந்தால், உப்புச் சட்ட வழக்குகளில் எத்தனை நாள் தேடினாலும் அவர் கிடைக்கமாட்டார். மறியலும் ஊர்வலமும் பெரும்பாலும் 117, 143, 188 ஆகிய பிரிவுகளில் அடங்கின. 1942 வழக்குகளில் தண்டனைச் சட்டத்துடன் இந்தியப் பாதுகாப்பு விதிகளும் சேரும்: 35 நாசவேலை, 38 அரசுக்கு ஊறு விளைவிக்கும் செயல், 56 கூட்டம், ஊர்வலம்.

26, 129 ஆகிய இரண்டு விதிகள் தனி இனம். 129-இல் போலீஸே பிடித்து வைக்கும். பிறகு 26-இல் அரசு உத்தரவு போட்டு விசாரணையின்றி அடைக்கும். இப்படி உள்ளே போனவருக்குத் தீர்ப்பே கிடையாது. கோர்ட் ரெக்கார்டு அறையில் மாதக்கணக்கில் காத்துக் கிடந்து "அப்படி வழக்கே இல்லை" என்று பதில் வாங்கியவர்களில் பலரின் தாத்தாக்கள் டெட்டினியூக்கள், அதாவது தடுப்புக்காவல் கைதிகள். அவர்களுக்கான காகிதம் கோட்டையிலிருந்து போன அரசு உத்தரவு. 1944-இலும் உள்ளே இருந்தவர் என்றால் இன்னொரு உத்தரவும் இருக்கவேண்டும். அந்த ஆண்டின் 3-ஆம் எண் அவசரச் சட்டம் வந்ததும் காவல் அதன் கீழ் மாறியது. 1942-இன் தனி நீதிமன்றங்கள் தண்டித்தவர்களுக்கும் இப்படி இரண்டாவது கதவு ஒன்று உண்டு. அந்த நீதிமன்றங்கள் செல்லாது என்று 1943-இல் ஃபெடரல் கோர்ட் தீர்ப்பளித்தது. உடனே 19-ஆம் எண் அவசரச் சட்டம் தண்டனைகளைக் காப்பாற்றிக்கொண்டு, அப்பீலுக்கு வழிவிட்டது. கீழ்க்கோர்ட் கட்டு தொலைந்திருந்தாலும் 1943 பிற்பகுதியின் அப்பீல் கட்டில் அதே பெயர்கள் கிடைக்க வாய்ப்புண்டு.

அடுத்தது கணக்கு. இதில்தான் குடும்பங்கள் அதிகம் சண்டை போடுகின்றன. "ஒரு வருஷம் கடுங்காவல்" என்று தீர்ப்பில் இருக்கும். ஆனால் ஐந்து மாதத்தில் வீட்டுக்கு வந்துவிட்டதாகப் பாட்டி சொல்வார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். 1931 மார்ச் 5-இல் காந்தி–இர்வின் ஒப்பந்தம் கையெழுத்தானதும் சட்டமறுப்புக் கைதிகள் விடுதலையானார்கள். தனிநபர் சத்தியாகிரகிகளை 1941 டிசம்பரில் திறந்துவிட்டார்கள். தண்டனைக் காலம் வேறு, அனுபவித்த காலம் வேறு. பென்ஷன் விதி பார்ப்பது அனுபவித்த காலத்தை. பொதுவாக ஆறு மாதம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மூன்று மாதம். முறைப்படி கிடைத்த தண்டனைக் குறைப்பு நாட்களைச் சேர்த்துக்கொள்ளலாம். விசாரணைக் கைதியாக இருந்த நாட்களும் சேரும், ஆனால் கடைசியில் தண்டனை ஆகியிருக்கவேண்டும். இன்னொன்று: இரண்டு பிரிவுகளில் ஆறாறு மாதம் என்றால் உடனே பன்னிரண்டு என்று கூட்டாதீர்கள். ஏககாலத்திலா, அடுத்தடுத்தா என்பது தீர்ப்பின் கடைசி வரியில் இருக்கும்.

ஆவணக் காப்பகம் தேடிச் சென்னை எழும்பூருக்கு ரயில் ஏறுமுன் வீட்டைக் குடையுங்கள். சிறையிலிருந்து வந்த கடிதத்தில் தணிக்கை முத்திரையும் கைதி எண்ணும் இருக்கும். பழைய டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்த காகிதத்தைக்கூடப் பார்க்கவேண்டும். இதையெல்லாம்விட ஒன்று முக்கியம், பெரும்பாலோர் யோசிப்பதே இல்லை: நிலம். சுதந்திரத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்தில் 'அரசியலில் பாதிக்கப்பட்டோர்' என்ற பெயரில் தியாகிகளுக்குப் புறம்போக்கு, தரிசு நிலங்களை ஒப்படைத்தார்கள். குடும்பத்துக்கு அப்படி நிலம் வந்திருந்தால் தாலுகா ஆபீஸின் ஒப்படைப்புக் கோப்பு பொக்கிஷம். நிலம் கொடுக்குமுன் இவர் எந்த ஜெயிலில், எத்தனை நாள் இருந்தார் என்று வருவாய்த் துறை சரிபார்த்திருக்கும். சிறைப் பதிவேடு கையில் இருந்த காலத்தில் எழுதிய குறிப்பு அது. இன்று அந்தப் பதிவேடே இல்லாமல் போயிருக்கலாம். பழைய சர்வே எண்ணோடு தாசில்தாரிடம் கேளுங்கள். 'தியாகி நிலம்' என்று மட்டும் சொன்னால் கிளார்க் கையை விரித்துவிடுவார்.

1973-இல் தமிழ்நாடு அரசு தியாகிகளின் 'யார் எவர்' தொகுதிகளை ஆங்கிலத்தில் வெளியிட்டது. பெரிய நூலகங்களில் பார்க்கலாம். அதில் பெயர் இருந்தால் சிறைப் பெயரும் ஆண்டும் கிடைத்து வேலை பாதியாகும். இல்லாவிட்டால் மனம் தளரவேண்டாம், விடுபட்டவர்கள் நிறைய.

இனி தமிழ்நாடு ஆவணக் காப்பகம். எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், 1909-இல் திறந்த சிவப்புக் கட்டடம். அது இருக்கும் சாலைக்குப் பெயர் காந்தி–இர்வின் சாலை. அந்தப் பெயர்கொண்ட ஒப்பந்தத்தால்தான் பலரின் விடுதலைத் தேதி 1931 மார்ச் என்று இருக்கிறது. நுழைவு அனுமதி, கட்டணம், செல்போன் விதி எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். முன்னதாகவே கேட்டுவிட்டு, அடையாள அட்டையோடு தேடும் பொருளை ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு நாளில் முடியும் என்று டிக்கெட் போடாதீர்கள். முதல் நாள் முழுக்க இண்டெக்ஸிலேயே போய்விடும்.

அங்கே நம் வேலைக்கு உதவுபவை அரசாணைகள், அதாவது ஜி.ஓ.க்கள். துறை தெரியாத ஜி.ஓ. எண் கதவு எண் இல்லாத முகவரி மாதிரி. ஒவ்வொரு துறைக்கும் ஒவ்வோர் ஆண்டும் எண் ஒன்றிலிருந்து தொடங்குவதால், '2300' என்று மட்டும் குறித்துக்கொண்டு வருபவர் திரும்பவும் போகவேண்டியதுதான். அரசியல் கிளர்ச்சி, தடுப்புக்காவல் பற்றியவை பெரும்பாலும் பொதுத் துறையில் (பப்ளிக்) இருக்கும். சிறை நிர்வாகம், கைதிகளை ஏ, பி, சி என வகுப்புப் பிரித்தது போன்றவற்றுக்கு முப்பதுகளில் சட்டத் துறையின் பொதுப் பிரிவையும், பிறகு உள்துறையையும் பாருங்கள். ஒரே ஆண்டுக்கு மூன்று துறை இண்டெக்ஸையும் புரட்டுவது அலுப்புத்தான். ஆனால் விட்ட இடத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். ரகசியக் கோப்புகளுக்குத் தனி வரிசை உண்டு, அதையும் கேட்டு வாங்குங்கள். இண்டெக்ஸில் கண்ட கோப்பைக் கேட்டால் சில சமயம் 'பிரிட்டில்' என்று எழுதிய சீட்டு திரும்பி வரும்: தொட்டால் நொறுங்கும், தரமுடியாது என்று பொருள். அப்போது அந்தக் கோப்பின் பிரதி டெல்லிக்குப் போனதா என்று யோசியுங்கள்.

பெயரை ஆங்கிலத்தில் தேடும்போது காதால் தேடுங்கள். அன்றைய கிளார்க் தனக்குக் கேட்டபடி எழுதினார். 'க'வில் தொடங்கும் பெயரைக் கே, சி இரண்டிலும், 'ச'வை எஸ், சி இரண்டிலும், 'வ'வை வி, டபிள்யூ இரண்டிலும் பாருங்கள். 'ழ' வரும் பெயரில் எல், இசட் இரண்டும் சாத்தியம். நாம் இன்று விட்டுவிட்ட சாதிப் பட்டத்தின் கீழ் பெயர் வரிசைப்பட்டிருக்கலாம். ஆகவே பிள்ளை, நாடார், தேவர், நாயுடு என்ற தலைப்புகளையும் புரட்டவேண்டும். ஊர்ப் பெயர்களும் அப்படித்தான்: திருநெல்வேலி டின்னவெலி, நாகப்பட்டினம் நெகபடம், தூத்துக்குடி டூட்டிகோரின். மாவட்டமும் அன்றைய மாவட்டம். இன்றைய விருதுநகர்க்காரர் ராமநாதபுரத்திலும், நாமக்கல்காரர் சேலத்திலும், திருவாரூர்க்காரர் தஞ்சாவூரிலும் தேடவேண்டும்.

எல்லை மாற்றம்தான் ஆட்களை அதிகம் அலையவிடுவது. சென்னை மாகாணச் சிறைகள் வேலூர், திருச்சி, கடலூர், கோவையோடு நிற்கவில்லை. தமிழ்த் தொண்டர்களைப் பெல்லாரிக்கும் அதன் அலிபுரம் சிறைக்கும், ராஜமுந்திரிக்கும், கண்ணனூருக்கும் அனுப்பினார்கள். 1953 அக்டோபர் 1 அன்று பெல்லாரி மைசூருக்கும் ராஜமுந்திரி ஆந்திராவுக்கும் போயின. 1956 நவம்பர் 1 அன்று கண்ணனூர் கேரளத்துக்குப் போனது. அலிபுரம் சிறை இருந்த இடத்தில் இன்று மருத்துவக் கல்லூரி. ஆகவே சிறைச் சான்று கேட்கும் மனு சென்னைச் சிறைத் துறைக்குப் போனால், 'எங்களிடம் இல்லை' என்ற பதில் வருவதில் பொய் ஒன்றும் இல்லை. சிறை இன்று எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அங்கே கேட்கவேண்டும்; தீர்ப்பையோ, தண்டனை பெற்ற ஊரையோ மட்டும் தமிழ்நாட்டில் தேடவேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது தலைகீழ். 1949 வரை திருவிதாங்கூர், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்–கொச்சி. அவர்கள் போகவேண்டியது திருவனந்தபுரம். புதுக்கோட்டை 1948 மார்ச் வரை சமஸ்தானம். அங்கே தேடவேண்டியது தர்பார் ஆவணங்களில். புதுச்சேரிக்காரர்கள் எதிர்த்தது பிரெஞ்சு அரசை, அது முற்றிலும் வேறு கதை.

காகிதம் உண்மையிலேயே அழிந்த இடங்களும் உண்டு. தேவகோட்டையில் 1942 ஆகஸ்டில் கூட்டம் கோர்ட்டுக்கே தீ வைத்தது. அதே நாட்களில் திருவாடானையில் சிறையை உடைத்துச் சின்ன அண்ணாமலையை வெளியே கொண்டுவந்தார்கள். போராடியவர்களின் கையாலேயே அவர்களுக்கு முந்தியவர்களின் வழக்குக் கட்டும் எரிந்திருக்கும் ஊர்களில், தீர்ப்பைத் தேடிப் பயனில்லை. அங்கே கூட்டு அபராதக் கோப்புகளைப் பாருங்கள். 1942-இன் 20-ஆம் எண் அவசரச் சட்டப்படி கலவரம் நடந்த ஊர் மொத்தத்துக்கும் அபராதம் போட முடிந்தது. ஊரின் பெயர், தொகை, காரணமாகக் காட்டிய சம்பவம், தேதி எல்லாம் அதில் வரும். ஆளின் பெயர் இல்லாவிட்டாலும் ஊரும் தேதியும் உறுதியாகும். பிறகு பத்திரிகைக்குப் போகலாம். சுதேசமித்திரனும் இந்துவும், 1934-க்குப் பிறகு தினமணியும், கைதானவர்கள் பட்டியலைப் பத்தி பத்தியாகப் போட்டன. 1942 ஆகஸ்டில் தணிக்கையால் பத்திரிகைகள் மெலிந்துவிட்டன என்பதையும் கணக்கில் வையுங்கள். பழைய இதழ்களுக்குக் கன்னிமாராவும் தரமணி ரோஜா முத்தையா நூலகமும் முதலில் விசாரிக்க வேண்டிய இடங்கள்.

டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்துக்கு நேரில் போகாமலே பாதி வேலை முடியும். 'அபிலேக் படல்' என்ற அதன் இணையவாயிலில் பதிவு செய்துகொண்டு, உள்துறையின் அரசியல் பிரிவுக் கோப்புகளைத் தேடலாம். தேடுபொறி பார்ப்பது கோப்பின் தலைப்பை. உள்ளே இருக்கும் பெயரை அல்ல. அங்கே தாத்தா பெயரைத் தட்டினால் பூஜ்யம்தான் வரும். மாகாணம், ஆண்டு, சம்பவம் என்று தேடுங்கள். சென்னைத் தலைமைச் செயலர் மாதம் இரண்டு முறை அனுப்பிய அரைமாத அறிக்கைகள் அங்கே வரிசையாகக் கிடைக்கும். தொண்டர் பெயரை அவற்றில் எதிர்பார்க்காதீர்கள். உங்கள் ஊரில் என்ன நடந்தது, எத்தனை பேர் என்பதை அரசு எப்படிப் பார்த்தது என்று தெரியும். படித்தால் சில வீட்டுக் கதைகள் சுருங்கும், சில பெரிதாகும்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். கிடைத்த காகிதத்தில் 1938 அல்லது 1939, குற்றவியல் திருத்தச் சட்டம் 7-ஆவது பிரிவு என்று இருந்தால் நிதானியுங்கள். அப்போது சென்னையில் ஆண்டது ராஜாஜியின் காங்கிரஸ் அமைச்சரவை; அந்தப் பிரிவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்தி எதிர்ப்புக்காக உள்ளே போனார்கள். அதே சிறைகள், அதே பதிவேடுகள். தாத்தா தியாகிதான், ஆனால் மொழிப்போர்த் தியாகி. அதற்கான விதியும் மனுவும் வேறு. தவறான தலைப்பில் கொடுத்த மனு திரும்பி வந்த பிறகு 'ஏமாற்றுக்காரர்' என்ற பெயர் ஏன்?

பதில் வராத ஆபீசுக்குத் தகவல் உரிமை மனு. பத்து ரூபாய், 30 நாள். 'எல்லா ஆவணமும் தருக' என்று எழுதினால் எதுவும் வராது. 'இன்ன சிறையின் 1932 ஜனவரி முதல் டிசம்பர் வரையான கைதிகள் சேர்க்கைப் பதிவேடு உங்களிடம் உள்ளதா? இல்லையெனில் எந்த உத்தரவின்படி எப்போது அழிக்கப்பட்டது? அழிப்புப் பட்டியலின் நகல் தருக' என்று மூன்றாகக் கேளுங்கள். ரகசியம் என்று மறுத்தால், 20 ஆண்டுக்கு முந்தைய விஷயங்களுக்கு ஒருசில விலக்குகளே பொருந்தும் என்று சொல்லும் 8(3) பிரிவைக் காட்டி மேல்முறையீடு செய்யலாம். வேறு ஆபீசுக்குரியது என்றால் ஐந்து நாளில் மாற்றி அனுப்பும் கடமை 6(3)-இல் அவர்களுடையது.

'ஆவணம் இல்லை' என்ற பதிலைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அதுவும் ஓர் ஆவணம். பென்ஷன் விதிப்படி சிறைச் சான்று இல்லாதபோது, ஆவணம் கிடைக்கவில்லை என்ற முறையான சான்றும், கூடவே சிறையிலிருந்த தியாகிகள் இருவரின் சான்றும் சேர்ந்து அதன் இடத்தில் நிற்கும். தலைமறைவாக இருந்ததாகச் சொன்னால் தேடப்படும் ஆள் என்ற அறிவிப்பு, தலைக்கு விலை, அல்லது பிறப்பித்தும் அவர் கையில் சேர்க்க முடியாமல் போன காவல் உத்தரவு போன்ற ஏதாவது வேண்டும். உடன் சிறைவாசிகள் இன்று உயிரோடு இல்லை. ஆனால் அறுபது, எழுபதுகளில் அவர்கள் ஊரில் யார் யாருக்கெல்லாம் சான்று கொடுத்தார்களோ, அந்த நகல்கள் மற்ற குடும்பங்களின் கோப்பில் கிடக்கும். ஒரே வழக்கில் போன பதினான்கு பேரில் ஒருவருக்குப் பென்ஷன் வந்திருந்தால் அவர் கோப்பில் மற்ற பதின்மூன்று பெயரும் இருக்கலாம். சொந்தக்காரர்களைவிட அந்த வீட்டாரைத் தேடுவது பலன் தரும். ஆதாரத்தின் அளவுகோல் பற்றித் தகராறு வந்தால், 2001-இல் குர்தியால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டுங்கள்: குற்ற வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கச் சொல்லக்கூடாது.

நேதாஜியின் படையில் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் சேர்ந்த தோட்டத் தொழிலாளிகளுக்கு இந்த வழி எதுவும் பொருந்தாது. பிரிட்டிஷ் படையிலிருந்து மாறியவருக்கு ரெஜிமெண்டு எண் இருக்கும். ரப்பர் தோட்டத்திலிருந்து நேராகப் போனவருக்கு இருக்காது. அங்கே தேடவேண்டியது பிடிபட்டபின் நடந்த விசாரணைகளின் வெள்ளை, சாம்பல், கறுப்பு என்ற வகைப்பாட்டுப் பட்டியல்களையும், கப்பல் ஏறி ஊர் திரும்பிய காகிதத்தையும்.

எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் நகல் வாங்குமுன் துறை, ஜி.ஓ. எண், தேதி, உள்ளே பக்க எண் நான்கையும் நோட்டில் எழுதுங்கள். சான்றிட்ட நகலில் முத்திரை விழுந்து பாதி எழுத்து மறையும். செல்போன் படத்தில் கோப்பின் அட்டை விட்டுப்போகும். கோப்பின் அட்டையையும் சேர்த்தே நகல் கேளுங்கள். அட்டை இல்லாத பக்கத்தைக் கலெக்டர் ஆபீசில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது எந்தக் கட்டுல இருந்து வந்துச்சு?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.